பத்தொன்பது முத்திரைகள்

கோச்சி நகரம்
2015 மே 11

சயோரிக்கு,

கடிதத்தைப் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பாள் அம்மா. வெயில், தளிர் இலை, குயில், எது வேண்டுமோ நீயே போட்டுக்கொள். எனக்கு நேரமில்லை.

போனில் பேசினால் பாதியில் துண்டித்துவிடுகிறாய். ஜனவரியிலிருந்து நான்கு முறை. காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தாண்டு விருந்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கட்டடப் பொறியியலில் இரண்டு வருஷம் நன்றாகப் படித்தவள் திடீரென்று மானுடவியலுக்குத் தாவினால் அண்ணன்காரன் கேட்கத்தான் செய்வான். அடுத்தவன் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிற படிப்பு என்றேன். இன்னும் அதே கருத்துதான். முடித்தால் அருங்காட்சியகத்தில் பானைக்குத் தூசி தட்டலாம். இல்லாவிட்டால் அதையே அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்றாவது வழி உண்டென்றால் எழுது, அப்பாவிடம் காட்டுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுனாமி வந்தால் மக்கள் ஏறி நிற்பதற்கான கோபுரங்களை வடிவமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பரிசீலனையில் இரண்டு கரையோர ஊர்கள். ஒன்று, கள ஆய்வு என்று நீ ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கும் இசோவுரா. இன்னொன்று வடக்கே இருக்கும் ஓநாகி. இந்த வருஷம் ஒரே ஒரு கோபுரம்தான், தகுதி இருந்தால் முதலில் விண்ணப்பித்த இசோவுராவுக்கு. விதி இது: ஆள் குடியிருக்கும் வீடு பதினைந்துக்குக் குறைந்தால் கோபுரம் கிடையாது, பள்ளிக்கூடக் குன்றுக்கு நடக்க வேண்டியதுதான்.

இசோவுராவில் பத்தொன்பது வீடு என்று நகராட்சி எழுதி அனுப்பியிருக்கிறது. ஆதாரம் சுற்றட்டை. வீடு வீடாகப் போகும் அறிவிப்பு அட்டையில், படித்துவிட்டதாக ஒவ்வொரு வீட்டாரும் குத்தும் முத்திரை பத்தொன்பதும் மாதம் தவறாமல் இருக்கிறதாம்.

போன வாரம் ஒருநாள் காலையில் வந்து பார்த்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. ஆறு வீடுகளில் மின் மீட்டரின் வட்டு அசையவே இல்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கொஞ்சமாவது சுற்றும். அப்படியென்றால் முத்திரை குத்துவது யார்? பேயா?

உண்மையில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது? ஒரே ஒரு எண் போதும். கதை வேண்டாம்.

தகுமா

பி.கு. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அப்பா கேட்டார். என்னிடம்தான் கேட்டார், உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை.

*

இசோவுரா
மே 19

அண்ணாவுக்கு,

இங்கே சூரை மீன் வரத்து தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே தெரு முழுக்க வைக்கோல் புகை, மீனை வாட்டுகிறார்கள். இதுதான் என் பருவ வரி. நீ தாண்டிப் போய்விடுவாய், தெரியும்.

அந்த எண் எனக்குத் தெரியும். தரமாட்டேன்.

நீ இந்த இடத்தில் கடிதத்தை மேசைமேல் அடித்திருப்பாய். எடுத்து மிச்சத்தையும் படி. போன அக்டோபரில் நான் வந்த அன்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு காகிதம் வாசித்தேன். உங்கள் வீடுகளுக்குள் நான் காண்பதை உங்களைக் கேட்காமல் எந்த அலுவலகத்துக்கும் கொடுக்க மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்தும் போட்டேன். அப்போதும் மூன்று மாதம் ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "என்ன நோட்டுப் பொண்ணு, இன்னிக்கு எத்தனை தடவை தும்மினேன்னு எழுதிட்டியா?" என்று கடைசி வீட்டு ஹமாகுச்சி அண்ணன் கேட்பார். நான் எழுதியிருப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது கதவைத் தட்டாமலே உள்ளே போகிறேன். எந்தக் காகிதத்தின் பேரில் போகிறேனோ அதையே கிழிக்கச் சொல்கிறாய்.

மூன்றாவது வழி கேட்டாயே. இதே துறையில் எனக்கு முன்னால் படித்த ஒருவர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். ஷிஃப்ட் மாறும்போது செவிலியர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. இன்னொருவர் சோறு வடிக்கும் குக்கர் செய்யும் கம்பெனியில். ஒருவர் காப்பீடு விற்கிறார். அதையும் மறைக்க விரும்பவில்லை. எனக்கு என்ன அமையும் என்று எனக்கே தெரியாது. அப்பாவிடம் இதைக் காட்டாதே.

நீ ஒன்று சொல். குன்றுக்கு நடக்க எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கிறாய்?

சாப்பிடுகிறேன். மிகுதியாகவே.

சயோரி

*

கோச்சி நகரம்
மே 24

சயோரிக்கு,

கேட்டதற்குப் பதில்: 1,100 மீட்டர். முதியவர் நடை விநாடிக்கு ஒரு மீட்டர். பதினெட்டு நிமிஷம், இருபது விநாடி. அலை வர இருபத்திரண்டு நிமிஷம். போதும். கோபுரம் இல்லையென்றால் உன் ஊர்க்காரர்கள் செத்துவிட மாட்டார்கள். குன்று இருக்கிறது, நடப்பார்கள்.

ஓநாகியில் அப்படி இல்லை. நாற்பத்தொரு வீடு. பக்கத்தில் குன்றே கிடையாது. உன் பத்தொன்பது முத்திரையால் கோபுரம் இசோவுராவுக்கு வந்துவிட்டால், அங்கே இருப்பவர்கள் எதன்மேல் ஏறுவார்கள்? உன் வாக்குறுதியின் மேலா?

அவர்களும் மனிதர்கள்தான். உன் படிப்பின் பெயரிலேயே மனிதன் இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஜூன் கடைசிக்குள் நான் படிவத்தை நிரப்ப வேண்டும். என்னிடம் மீட்டர் இருக்கிறது, ஆனால் மீட்டரை வைத்து ஆள் இல்லை என்று எழுத விதி இடம் கொடுக்காது. அங்கே வசிக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

எண்ணை அனுப்பு.

தகுமா

*

இசோவுரா
ஜூன் 3

அண்ணாவுக்கு,

ஓநாகியைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் என்னால் குறிப்பு எழுத முடியவில்லை. நீ சொல்வது சரி.

ஆனால் உன் பதினெட்டு நிமிஷம் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை சுனாமி ஒத்திகை நடந்தது. காலை ஒன்பதுக்கு அபாயச் சங்கு ஊதியது. கடைசி ஆள் குன்றில் ஏறியது ஒன்பது முப்பத்தைந்துக்கு. யாரும் அசட்டையாக இல்லை, அரட்டையும் அடிக்கவில்லை. நடையும் நீ சொன்ன வேகம்தான். புரியாமல் மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போய், சங்கு கேட்டதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். செருப்பை மாட்டினோம், பையை எடுத்தோம், வாசலில் உட்கார்ந்தோம்.

எதற்கு உட்கார்ந்தார்கள் தெரியுமா? முந்தைய வீட்டுக்காரர் வந்து கூப்பிடுவதற்காக. சுற்றட்டை போகும் அதே வரிசை! முதல் வீட்டார் இரண்டாம் வீட்டுக்கு வந்து குரல் கொடுப்பார், இரண்டாம் வீட்டார் மூன்றாம் வீட்டுக்கு. அதற்குமுன் கிளம்பிவிட்டால், கூப்பிட வருபவர் ஆளைக் காணாமல் வீட்டுக்குள் தேடிக்கொண்டு நிற்பார். அவரை அப்படித் தவிக்க விடுவது பெரிய மரியாதைக் குறைவு. கடைசி வீட்டு ஹமாகுச்சி அண்ணன் பதினேழு நிமிஷம் வாசல்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானே பார்த்தேன். பீடத்தில் அமர்ந்த புத்தர் மாதிரி.

இன்னொன்று. இதை ஓகாபயாஷி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவருக்கு எழுபத்துமூன்று வயது, முழங்கால் வலி. சங்கு ஊதியதும் அவர் மேலே போகவில்லை. கீழே, மூடிக்கிடக்கும் வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்து "கிளம்புங்க, கிளம்புங்க" என்று உள்ளே பார்த்துக் கூவினார். கொஞ்சம் நின்றார். பிறகு அடுத்த வீடு.

"யாரும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல அக்கா?" என்றேன்.

"தெரியும். அதுக்காகத் தாண்டிப் போயிடறதா? வெள்ளிக்கிழமை ராத்திரி ஒசாகாவுலேர்ந்து தூண்டிலைத் தூக்கிட்டு வந்து சொல்லாம கொள்ளாம படுத்திருப்பானுங்க. போன சித்திரையில அப்படித்தான் ஒருத்தன் கிடந்தான், வாயைத் திறந்துகிட்டு."

"முத்திரையும் நீங்கதான் குத்துறீங்களா?"

"பின்னே? குத்தாம விட்டா அட்டை நின்னுபோயிடும். அவங்க போகலை, வெளியில இருக்காங்க. சாவியும் முத்திரையும் என்கிட்டதானே குடுத்துட்டுப் போனாங்க."

அந்த முத்திரை பொய் என்று நீ நினைத்தாய். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

எத்தனை வீடு என்பதை இப்போதும் நான் சொல்லவில்லை. மற்ற வீட்டுக்காரர்களைக் கேட்கவில்லை.

சயோரி

*

கோச்சி நகரம்
ஜூன் 8

சயோரிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு மாதிரிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். சங்கு ஊதிய விநாடியே எல்லாரும் கிளம்புவதாக வைத்திருக்கிறேன். ஐந்து வருஷமாக எல்லாக் கரைக்கும் அப்படித்தான் வைக்கிறோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பதினேழு நிமிஷக் காத்திருப்பு, பதினெட்டரை நிமிஷ நடை. முப்பத்தைந்தரை. உன் கடிகாரம் சரி, என் கணக்கு தப்பு. அலை வரும்போது கடைசி வீட்டுக்காரர்கள் பாதி வழியில் இருப்பார்கள்.

இதையும் கேள். கோபுரம் கட்டினாலும் தீராது. கோபுரத்துக்கு நான்கு நிமிஷ நடை. பதினேழும் நான்கும் இருபத்தொன்று. ஒரு நிமிஷம்தான் மிச்சம். உட்கார்ந்துகொண்டே இருக்கும் ஆளுக்கு நான் எதைக் கட்டியும் பயனில்லை.

ஆகவே எளிய வழி: சங்கு ஊதியதும் அவரவர் கிளம்பட்டும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று சொல். இதில் என்ன கஷ்டம்?

வீடு வீடாகக் கிளம்பிய நேரத்தையும் அனுப்பு. பெயர் வேண்டாம், நேரம் மட்டும் போதும்.

தகுமா

*

இசோவுரா
ஜூன் 17

அண்ணாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை.

நீ சொன்னதை ஊர்க்கூட்டத்தில் அப்படியே சொன்னேன். சிரித்தார்கள்.

"நான் கிளம்பிட்டேன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று ஹமாகுச்சி அண்ணன் ஓகாபயாஷி அக்காவைக் காட்டினார். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னு நெனைச்சுக் கதவை ஒடைப்பா."

"ஒடைக்க மாட்டேன். நிம்மதின்னு போயிடுவேன்" என்றார் அக்கா.

"கேட்டியா நோட்டுப் பொண்ணு, எழுதிக்கோ."

பிறகு நேரங்களை எழுதிய தாளை விரித்தேன். அவர்களைக் கேட்டுவிட்டு இத்துடன் உனக்கு அனுப்பியிருக்கும் அதே தாள். வீட்டின் பெயர் போடவில்லை, ஆனால் அவரவர் வரி அவரவருக்குத் தெரிந்தது. அலை வரும் இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ஒரு கோடு இழுத்திருந்தேன். கோட்டுக்குக் கீழே ஏழு பேர். ஹமாகுச்சி அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குப்பின் அவர் ஜோக் அடிக்கவில்லை.

யோசனை சொன்னது நான் இல்லை, ஒரு படகுக்காரரின் மனைவி. கிளம்பும்போது வாசல் கம்பியில் வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டுப் போவது. துண்டு தொங்கினால் ஆள் போயாச்சு. கூப்பிட வருபவர் நிற்க வேண்டாம், தேட வேண்டாம், யாருக்கும் மரியாதைக் குறைவும் இல்லை. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் ஒருவர் கேட்டார். "மூடின வீட்டுக்கு யார் துண்டு கட்டுறது?"

உனக்குப் புரிகிறதல்லவா? அந்த வீடுகளில் துண்டு எப்போதும் தொங்க வேண்டும். நிரந்தரமாகத் தொங்கினால், தெருவில் போகிற யாரும் எண்ணிக்கொள்ளலாம். நகராட்சியும் எண்ணலாம். பதினைந்து என்ற விதி இங்கே எல்லாருக்கும் தெரியும், அண்ணா.

"கட்டினா கோபுரம் போச்சு" என்று ஒருவர் கத்தினார். "கட்டலைன்னா அக்கா ஒவ்வொரு கதவா நின்னுட்டிருப்பா, அவ பின்னால இருக்கறவங்களும் நிப்பாங்க" என்றார் இன்னொருவர். ஓநாகியில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது என்று நான் சொன்னேன். அதைச் சொல்வது என் வேலையா, இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. மறைத்திருந்தால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதானே.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓகாபயாஷி அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபுரம் வராவிட்டால் முதலில் அடிபடப்போவது அவர் முழங்கால்தான், அது அவருக்கும் தெரியும். கடைசியில் எழுந்து, "என்கிட்ட பழைய துண்டு இருக்கு, புதுசு வாங்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்துவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி மறு ஒத்திகை. வேண்டுமானால் வந்து நீயே எண்ணிக்கொள். நான் சொன்னதாக ஆகாது.

சயோரி

*

கோச்சி நகரம்
ஜூன் 30

சயோரிக்கு,

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

ஒத்திகை அன்று உன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை என்று கோபித்திருப்பாய். படகுத்துறையில் கடிகாரத்தோடு நின்றேன். ஆறு துண்டுகள் முந்தின நாளே தொங்கின. ஓகாபயாஷி அம்மாள் அதில் ஒன்றின் முன்னால் நின்று, சுருக்கத்தை இழுத்து நேராக்கிவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

சங்கு ஊதி இரண்டு நிமிஷத்தில் தெரு காலி, நானும் அவர்கள் பின்னால் குன்றுக்கு ஓடினேன். ஹமாகுச்சி இருபது நிமிஷத்தில் மேலே. வழியில் என்னைப் பார்த்து, "தம்பி, நீதான் அந்தக் குன்று கணக்கு போட்ட ஆளா? ஏறிப் பாரு, மூச்சு வாங்குதா இல்லையான்னு" என்றார். வாங்கியது.

ஓகாபயாஷி அம்மாள் வந்தது இருபத்து மூன்று நிமிஷம், பத்து விநாடிக்கு. கோட்டுக்குக் கீழே. அவர் ஒருவர் மட்டும்.

நேற்று படிவத்தை நிரப்பினேன். குடியிருக்கும் வீடுகள்: பதின்மூன்று. ஆதாரம் என்ற கட்டத்தில் "ஊரார் தாமே காட்டியது" என்று எழுதினேன். அப்படி ஒரு வகை இல்லை என்று மேலாளர் திருப்பித் தந்தார். இப்போது இருக்கிறது என்று சொல்லி மறுபடி வைத்தேன். கோபுரம் ஓநாகிக்குப் போகிறது. அது சரியான முடிவு, மறுபடி கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்த எண்ணை எழுதியவன் நான், நீ இல்லை. ஊரில் அப்படியே சொல்.

உன் நேரத் தாளை மேலாளர் அரை மணி நேரம் பார்த்தார். எந்தப் பொறியியல் கல்லூரி என்று கேட்டார். மானுடவியல் என்றேன். "அதுல இதெல்லாம் சொல்லித்தர்றாங்களா?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மை.

அந்த அம்மாளுக்கு ஒரு வழி தேட வேண்டும். வரைபடத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?

தகுமா

*

இசோவுரா
ஜூலை 9

அண்ணாவுக்கு,

மழை விட்டு இன்றுதான் வெயில்.

நீ சொன்னபடி சொன்னேன். யாருக்கும் உன்மேல் கோபமில்லை. ஒருவர் மட்டும் என்னோடு பேசுவதில்லை. போனால் கதவு திறப்பார், தேநீர் வைப்பார், பேச மாட்டார்.

படகுக் கொட்டகைக்குப் பின்னால் குன்றுக்கு ஏறும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. முன்பு சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட படிக்கட்டு நிலம். இப்போது மூங்கில் அடைத்துவிட்டது. ஏன் யாரும் வெட்டவில்லை என்று கேட்டேன். அது மூடிய வீடுகளில் ஒன்றுக்குச் சொந்தம். அடுத்தவர் நிலத்தில் அவர் இல்லாதபோது கால் வைப்பதா? உன் வரைபடத்தில் இல்லை, இவர்கள் வாயிலும் வரவில்லை.

ஓகாபயாஷி அக்கா ஒசாகாவில் இருக்கும் நிலத்துக்காரருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுமுனையில் சத்தமாகச் சிரித்தது கேட்டது. "பதினோரு வருஷமா என் பேர்ல முத்திரை குத்துறீங்க, மூங்கில் வெட்டவா என்னைக் கேக்குறீங்க?"

என் செய்தி. ஆய்வேட்டில் வீடுகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுத அனுமதி கேட்டேன். பன்னிரண்டு வீட்டார் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். அதனால் இந்த வருஷம் பட்டம் இல்லை. நகராட்சியில் கரை ஊர்களுக்கான ஒரு வருஷ வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்: வீடு வீடாகப் போய்ப் பேசுவது, பார்ப்பது, எழுதி வைப்பது. கிடைக்குமா தெரியாது. அப்பாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். அவர் அதற்கு, அங்கே மழையா என்று கேட்டார்.

பத்தொன்பதாம் தேதி எல்லாரும் சேர்ந்து வெட்டுகிறார்கள். அலுவலக உடையில் வராதே.

சயோரி

*

கோச்சி நகரம்
ஜூலை 27

சயோரிக்கு,

கை இரண்டிலும் கொப்புளம். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மூங்கில் வெட்டுவதற்கு நான் லாயக்கில்லை என்று ஹமாகுச்சி அண்ணன் நான்கு விதமாகச் சொன்னார், நான்கும் நினைவிருக்கிறது. கடைசியில் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, வெட்டியதை இழுத்துப் போடுகிற வேலையைக் கொடுத்தார்.

நேற்று நீ பல்கலைக்கழகம் போயிருந்தாய் என்று தெரியாமல் வந்துவிட்டேன். வந்ததற்கு அளந்துவிட்டுப் போகலாம் என்று பாதையின் கீழே நின்றேன். ஓகாபயாஷி அக்கா தானே வந்து, "நீ முன்னாடி போ, நான் என் நடையில வர்றேன்" என்றார். வேண்டாம், பின்னால் வருகிறேன் என்றேன். அவர் வீட்டு வாசலில் துண்டு கட்டியதிலிருந்து கடிகாரத்தை ஓடவிட்டேன்.

பாதித் தூரத்தில் பழைய கிழங்குத் திட்டின் கல்லில் உட்கார்ந்தார். கடிகாரத்தை நிறுத்தப் போனேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒசாகாக்காரன் சின்ன வயசில் இங்கே கிழங்கு திருடியதைச் சொன்னார். நிறுத்தவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அலுவலகத்துக்கு அனுப்பிய தாளில் எழுதியது இது. குன்று உச்சிவரை: பதினேழு நிமிஷம், நாற்பது விநாடி. நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார். உட்கார்ந்த நேரமும் சேர்த்தி.

தகுமா